டாலர் நோட்டில் இருக்கும் கடவுள் சட்டத்தில் ஏன் இல்லை?

நியூஜெர்சியிலிருந்து வந்திருந்த மகள் கொடுத்த ஒரு டாலர் நோட்டைச் சித்தப்பா பர்ஸுக்குள் மடித்து வைத்திருக்கிறார். செலவழிக்க அல்ல, காட்டுவதற்கு. போன தீபாவளிக்கு அதை விரித்து என்னிடம் நீட்டினார். "ஏம்ப்பா, அமெரிக்காவுல அரசாங்கம் வேற, மதம் வேறன்னு நீதானே சொன்னே? இங்க பாரு, கடவுளை நம்புறோம்னு நோட்டுலயே அடிச்சு வெச்சிருக்கான்."

நோட்டின் பின்பக்கம், நடுவில் பெரிதாக இருக்கும் 'ஒன்று' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மேலே அந்த வாசகம் இருக்கிறது: 'நாங்கள் கடவுளை நம்புகிறோம்.' சித்தப்பா பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தாளில் இருப்பதை இரண்டு தடவை படிக்காமல் நகர மாட்டார். அன்று அவருக்கு நான் சொன்ன பதில் அரைகுறை. அதை முழுசாக்கிப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்த நோட்டோடு வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு தாள் உண்டு. 1787 கோடையில் பிலடெல்ஃபியாவில் எழுதிய அரசமைப்புச் சட்டம். 'மக்களாகிய நாங்கள்' என்று தொடங்கும் அதில் கடவுளை எங்கேயும் அழைக்கவில்லை. கடைசியில் தேதி போடும் இடத்தில் மட்டும் 'நம் ஆண்டவரின் ஆண்டு' என்று வருகிறது. அது அந்தக் காலத்துப் பத்திர நடை, நாம் கி.பி. என்று போடுவது மாதிரி. மதம் என்ற பேச்சு வருவது ஒரே ஒரு இடத்தில், ஆறாம் பிரிவில்: மத்திய அரசின் எந்தப் பதவிக்கும் மதத்தைத் தகுதியாகக் கேட்கக் கூடாது. ஜனாதிபதி பதவியேற்கும்போது சொல்ல வேண்டிய உறுதிமொழியை அந்தச் சட்டம் சொல் சொல்லாக எழுதி வைத்திருக்கிறது. 'கடவுள் எனக்குத் துணை நிற்கட்டும்' என்று டிவியில் கேட்கிறோமே, அது அதில் இல்லை. பைபிள்மேல் கை வைப்பதும் வழக்கம்தான், விதி அல்ல. 1901இல் தியோடர் ரூஸ்வெல்ட் பைபிள் இல்லாமலே பதவியேற்றார்.

அந்தக் கோடையில் நடந்த ஒரு சம்பவம் எனக்குப் பிடிக்கும். கூட்டத்தில் வாதம் முற்றி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத நிலை. 81 வயது பெஞ்சமின் ஃபிராங்க்ளின் எழுந்து, தினமும் காலையில் ஒரு பாதிரியாரை வைத்துப் பிரார்த்தனை செய்துவிட்டு வேலையைத் தொடங்கலாமே என்றார். வட கரோலினாக்காரர் ஒருவர் பாதிரியாருக்குக் கொடுக்க நம்மிடம் காசு இல்லை என்றார். வாக்கெடுப்புக்குக்கூடப் போகாமல் பேச்சு அப்படியே அமுங்கிப்போனது. மூன்று நான்கு பேரைத் தவிர மற்றவர்கள் பிரார்த்தனை அவசியமில்லை என்று நினைத்தார்கள் என்று ஃபிராங்க்ளின் தன் தாளில் குறித்து வைத்தார்.

அப்படியானால் நோட்டில் கடவுள் எப்போது ஏறினார்? முதலில் காசில்தான் ஏறினார். 1864இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, இரண்டு சென்ட் காசில் அந்த வாசகம் வந்தது. காகித நோட்டுக்கு வர 1957 ஆகிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அது நாட்டின் அதிகாரபூர்வ வாசகமானது. 1954இல் பள்ளிப் பிள்ளைகள் கொடிக்கு முன்னால் சொல்லும் உறுதிமொழியில் 'கடவுளின் கீழ்' என்ற சொல்லைச் சேர்த்தார்கள். காரணம் சோவியத் யூனியன். எதிரி நாத்திகன் என்றால் நாம் ஆத்திகர் என்று பலகை மாட்ட வேண்டும் அல்லவா. வேடிக்கை என்னவென்றால், அந்த உறுதிமொழியை 1892இல் எழுதிய பிரான்சிஸ் பெல்லமி, பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் போதகர். அவர் எழுதியதில் கடவுள் இல்லை.

ஆக, சித்தப்பா காட்டிய நோட்டும் அரசமைப்புச் சட்டமும் ஒரே கையால் எழுதியவை அல்ல. நடுவில் ஏறத்தாழ 170 ஆண்டு இடைவெளி. இந்தப் பதிலோடு அன்று நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் அடுத்த கேள்வியைப் போட்டார். "அப்போ ஆரம்பத்துல இருந்தவங்க நாத்திகங்களா?"

இல்லை. இங்கேதான் நம்மில் பலர் சறுக்குகிறோம். அரசையும் மதத்தையும் பிரிக்க வேண்டும் என்று தொண்டை வறளக் கத்தியவர்களில் பெரும்பாலோர் கடும் பக்தர்கள்.

ஏன் என்று பார்க்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இங்கிலாந்து அரசின் திருச்சபை பிடிக்காமல் கப்பல் ஏறி மாசசூசெட்ஸுக்கு வந்த பியூரிட்டன்கள் தங்கள் விருப்பப்படி கும்பிட இடம் தேடினார்களே தவிர, மற்றவர்களுக்கும் அந்த உரிமையைக் கொடுக்க வந்தவர்கள் அல்ல. 1660இல் பாஸ்டனில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மேரி டயர் என்ற பெண்ணைத் தூக்கிலிட்டார்கள். போகச் சொன்ன ஊருக்குத் திரும்பத் திரும்ப வந்ததே அவர் குற்றம். அதற்கும் முன்னால் ரோஜர் வில்லியம்ஸ் என்ற போதகரைத் துரத்தினார்கள். அவர் 1636இல் பிராவிடன்ஸ் என்ற ஊரை உண்டாக்கினார். திருச்சபை ஒரு தோட்டம், வெளியுலகம் ஒரு காடு, நடுவில் வேலியோ சுவரோ இல்லாவிட்டால் காடு தோட்டத்துக்குள் புகுந்துவிடும் என்பது அவர் வாதம். கவனியுங்கள்: காப்பாற்ற வேண்டியது தோட்டத்தை. அரசிடமிருந்து மதத்தைக் காப்பாற்றத்தான் சுவர்.

வர்ஜீனியாவில், இங்கிலாந்து அரசின் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபைக்கு எல்லாரும் வரி கட்ட வேண்டும், கும்பிடாதவர் உட்பட. உரிமம் இல்லாமல் பிரசங்கம் செய்த பாப்டிஸ்ட் போதகர்களை 1760களிலும் 70களிலும் சிறையில் போட்டார்கள். சிலர் சிறை ஜன்னல் வழியாகவே பிரசங்கம் செய்தார்கள், வெளியே கூட்டம் நின்று கேட்டது. பக்கத்து வட்டாரத்தில் இப்படிச் சிலர் அடைபட்டுக் கிடந்தது பின்னாளில் ஜனாதிபதியான ஜேம்ஸ் மேடிசனை, அப்போது இளைஞர், உலுக்கியது. 1784இல் கிறிஸ்தவ போதகர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பொதுவாக ஒரு வரி போடலாம் என்று பாட்ரிக் ஹென்றி என்ற வர்ஜீனியா அரசியல்வாதி மசோதா கொண்டுவந்தபோது, மேடிசன் மறுப்பு மனு ஒன்றை எழுதினார். மதத்துக்காக மூன்று பென்ஸ் கட்டு என்று இன்று சொல்ல முடிகிற அரசு, நாளைக்கு இந்த மதப் பிரிவில்தான் சேர வேண்டும் என்றும் சொல்லும் என்பது அதன் சாரம். மசோதா விழுந்தது. 1786இல், பின்னாளில் ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சன் எழுதியிருந்த மதச் சுதந்திரச் சட்டம் நிறைவேறியது. அதன் அடுத்த படிதான் அரசமைப்புச் சட்டத்துக்கு 1791இல் வந்த முதல் திருத்தம். எந்த மதத்தையும் நிறுவுவது பற்றி காங்கிரஸ் சட்டம் போடக் கூடாது, யாரும் தம் மதத்தைக் கடைப்பிடிப்பதைத் தடுக்கவும் கூடாது. காங்கிரஸ் என்பது அவர்கள் நாடாளுமன்றத்தின் பெயர். சித்தப்பா ஒரு நிமிடம் முழித்தார், அதனால் சொல்கிறேன்.

இப்போது அந்தப் பாலாடைக்கட்டிக் கதைக்கு வருகிறேன். அமெரிக்க மத அரசியலை ஒரே காட்சியில் காட்டு என்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

1802 ஜனவரி 1. வெள்ளை மாளிகை வாசலில் 1,235 பவுண்டு எடையுள்ள ஒரு பாலாடைக்கட்டி வந்து இறங்குகிறது. நம் கணக்கில் ஏறத்தாழ 560 கிலோ. மாசசூசெட்ஸில் செஷயர் என்ற ஊரின் பாப்டிஸ்ட் குடியானவர்கள் ஊர்ப் பாலையெல்லாம் ஒன்றுசேர்த்து, ஆப்பிள் சாறு பிழியும் ஆலையில் வைத்து அழுத்திச் செய்தது. அடிமை ஒருவர் கையும் படாமல் செய்தோம் என்பதில் அவர்களுக்குப் பெருமை. கொண்டுவந்தவர் ஜான் லீலண்ட் என்ற போதகர். யாருக்காக? அப்போது ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சனுக்காக. 1800 தேர்தலில் இவன் நாத்திகன், ஜெயித்தால் பைபிளைப் பிடுங்கிவிடுவான் என்று எதிரிகள் பிரசாரம் செய்த அதே ஜெஃபர்சன். பிற்காலத்தில் பைபிளிலிருந்து அற்புதங்களையெல்லாம் கத்தியால் வெட்டி நீக்கிவிட்டு, இயேசுவின் போதனைகளை மட்டும் ஒட்டி வைத்துக்கொண்ட மனிதர். நாட்டின் மிகப் பெரிய பக்தர்கள் நாட்டின் மிகப் பெரிய சந்தேகிக்குப் பரிசு கொண்டுவருகிறார்கள்.

அதே நாளில் ஜெஃபர்சன் ஒரு கடிதத்தில் கையெழுத்திடுகிறார். கனெக்டிகட் மாநிலத்து டான்பரி பாப்டிஸ்டுகளுக்குப் பதில். அங்கே காங்கிரிகேஷனல் திருச்சபைதான் அரசின் திருச்சபை. அதற்குப் போகும் வரியிலிருந்து தப்ப வேண்டுமானால், நான் வேறு சபைக்காரன் என்று சான்றிதழ் காட்ட வேண்டும். உரிமையைச் சலுகை மாதிரி கொடுக்கிறார்கள் என்று அவர்கள் புகார் எழுதியிருந்தார்கள். முதல் திருத்தம் திருச்சபைக்கும் அரசுக்கும் நடுவில் ஒரு பிரிவுச் சுவரை எழுப்பிவிட்டது என்று அவர் பதில் எழுதினார். இன்றுவரை நீதிமன்றங்களில் புரளும் 'சுவர்' என்ற சொல் சட்டத்தில் இல்லை. இந்தக் கடிதத்தில் இருக்கிறது.

எழுதி இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, ஜெஃபர்சன் கோயிலுக்குப் போனார். எங்கே? நாடாளுமன்றக் கட்டடத்துக்குள். அந்நாளில் அங்கே ஞாயிறு ஆராதனை நடக்கும். அன்று பிரசங்கம் செய்தவர் பாலாடைக்கட்டி கொண்டுவந்த லீலண்ட். சுவர் கட்டியவர் முதல் வாரமே அரசுக் கட்டடத்தில் பிரசங்கம் கேட்டார். அப்படியானால் சுவர் எந்த இடத்தில் நிற்கிறது? இந்தக் கேள்விக்கு 220 ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரே பதில் கிடைக்கவில்லை.

நமக்குப் புரிகிற மாதிரி ஒரு வித்தியாசம் சொல்கிறேன். தமிழ்நாட்டில் இந்து சமய அறநிலையத் துறை என்று ஓர் அரசுத் துறையே இருக்கிறது. கோயிலுக்கு நிர்வாக அதிகாரியை அது அமர்த்துகிறது, உண்டியல் எண்ணும்போது ஆள் நிற்கிறது. அமெரிக்காவில் ஒரு மாநில அரசு தேவாலயத்துக்கு அதிகாரி போட்டால் முதல் வாய்தாவிலேயே வழக்கு முடிந்துவிடும். நம் மதச்சார்பின்மை எல்லா மதத்தோடும் உறவு வைத்துக்கொள்ளும். அவர்களுடையது, பேச்சளவிலாவது, வாசலோடு நின்றுவிடும்.

பேச்சளவிலாவது என்றேன். ஏனென்றால் முதல் திருத்தம் வெகு காலம் வாஷிங்டன் அரசை மட்டுமே கட்டுப்படுத்தியது. மாநிலங்கள் தம் இஷ்டம்போல நடந்தன. மாசசூசெட்ஸ் தன் அரசுத் திருச்சபையை 1833வரை வைத்துக்கொண்டிருந்தது. மாநில அரசும் பள்ளிக்கூடமும் இந்தச் சுவருக்குக் கட்டுப்பட்டவை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். 1947 வழக்கு ஒன்று. நியூஜெர்சியில் கத்தோலிக்கப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பஸ் கட்டணத்தை அரசு திருப்பிக் கொடுக்கலாமா? நீதிபதி ஹ்யூகோ பிளாக் எழுதினார்: சுவர் உயரமாக, யாரும் ஏற முடியாதபடி நிற்க வேண்டும். அடுத்து எழுதினார்: நியூஜெர்சி அதை உடைக்கவில்லை, கட்டணம் கொடுக்கலாம். ஒன்பது நீதிபதிகளில் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பு. சுவரை வானளாவப் புகழ்ந்துவிட்டு அதில் ஒரு கதவையும் திறந்துவிட்டார்.

பிறகு 1962. நியூயார்க் பள்ளிகளில் காலையில் சொல்ல மாநிலக் கல்வி வாரியமே ஒரு பிரார்த்தனை எழுதிக் கொடுத்திருந்தது. ஆங்கிலத்தில் 22 சொல். எந்த மதத்தின் பெயரும் அதில் இல்லை, சொல்ல விரும்பாத பிள்ளை சும்மா இருக்கலாம். இருந்தும் நீதிமன்றம் கூடாது என்றது: பிரார்த்தனை எழுதித் தருவது அரசின் வேலை இல்லை. நாடு கொந்தளித்தது. வீட்டில் நாமே கொஞ்சம் கூடுதலாகப் பிரார்த்திக்கலாமே, சுலபமான வழி அதுதானே என்றார் ஜனாதிபதி கென்னடி. பள்ளியிலிருந்து கடவுளைத் துரத்திவிட்டார்கள் என்ற புலம்பல் இன்றும் ஒலிக்கிறது. துரத்தியது கடவுளை அல்ல, கல்வி வாரியத்தை. எந்தப் பிள்ளையும் தன் பாட்டுக்கு வகுப்பில் கும்பிடலாம். கணக்குப் பரீட்சை இருக்கும்வரை பள்ளியில் பிரார்த்தனையும் இருக்கும் என்பது அங்கே பழைய நகைச்சுவை.

எது கூடும், எது கூடாது என்று இதை வைத்து ஒரு விதி எழுதிவிடலாம் என்று தோன்றும். 2005 ஜூன் 27ஐப் பாருங்கள். ஒரே நாள், ஒரே நீதிமன்றம், இரண்டு தீர்ப்பு. இரண்டுமே பைபிளில் மோசே வழியாகக் கடவுள் கொடுத்த பத்துக் கட்டளைகளைப் பற்றியவை. கென்டக்கியில் நீதிமன்றச் சுவரில் படம் மாதிரி ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தார்கள்: கூடாது, ஐந்துக்கு நான்கு. டெக்சஸில் தலைமைச் செயலகத் தோட்டத்தில் ஆறடிக் கல் நட்டிருந்தார்கள்: இருக்கலாம், ஐந்துக்கு நான்கு. எட்டு நீதிபதிகள் இரண்டிலும் அவரவர் பக்கத்திலேயே நின்றார்கள். பக்கம் மாறியவர் ஸ்டீபன் பிரேயர் ஒருவர் மட்டும். அவர் பார்த்தது வரலாற்றை. டெக்சஸ் கல் 1961இலிருந்து மற்ற நினைவுச் சின்னங்களோடு கலந்து நிற்கிறது, நாற்பது ஆண்டு யாரும் வழக்குப் போடவில்லை. கென்டக்கிக்காரர்கள் நேற்று மாட்டினார்கள், மாட்டிய நோக்கமே மதம். பழையது என்றால் பாரம்பரியம், புதியது என்றால் பிரசாரம். இது சட்டமா, ஒரு பெரியவரின் பக்குவமா? எனக்கு இரண்டாவது என்றே படுகிறது, ஆனால் ஊர்ச் சண்டை வராமல் பார்த்துக்கொண்டார் என்பதையும் மறுக்க முடியவில்லை. அந்தத் தீர்ப்பை வாசித்த அறையின் சுவர்ச் சிற்பத்திலேயே மோசே கட்டளைப் பலகையோடு நிற்கிறார் என்பது தனிக்கதை. 2024இல் லூசியானா எல்லா அரசுப் பள்ளி வகுப்பறைகளிலும் பத்துக் கட்டளைகளை மாட்டச் சட்டம் போட்டது. இதே போன்ற கென்டக்கி சட்டம் ஒன்றை 1980இலேயே உச்ச நீதிமன்றம் தள்ளியிருந்தது. தெரிந்தேதான் போட்டார்கள், நீதிபதிகள் மாறிவிட்டார்கள், மறுபடி கேட்டுப் பார்க்கலாம் என்ற கணக்கு.

அந்தக் கணக்குக்குக் காரணம் 2022 தீர்ப்பு. வாஷிங்டன் மாநிலத்தில் பிரமெர்ட்டன் என்ற ஊரின் அரசுப் பள்ளி அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர், ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுக்கோட்டில் மண்டியிட்டுப் பிரார்த்தித்தார். பள்ளி தடுத்தது, வழக்கு வந்தது. ஆறுக்கு மூன்று என்று அவர் ஜெயித்தார். தனியாக, அமைதியாக, தனக்காகச் செய்த பிரார்த்தனை என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. மறுப்புத் தீர்ப்பு எழுதிய நீதிபதி சோனியா சோட்டோமயோர் அதற்குள் புகைப்படங்களையே சேர்த்தார். அவரைச் சுற்றி மாணவர்கள் மண்டியிட்டு நிற்கும் படங்கள். ஒரே மைதானம், ஒரே மனிதர். தனியாகக் கும்பிட்டாரா, கூட்டம் நடத்தினாரா என்பதில்கூட ஒன்பது பேருக்கு ஒத்துப்போகவில்லை. பயிற்சியாளர் நம்பிக்கையுள்ளவர், அது அவர் உரிமை. ஆனால் அடுத்த ஆட்டத்தில் தன்னை இறக்குவாரா என்று காத்திருக்கும் பதினாறு வயதுப் பையன் மண்டியிடாமல் நிற்க முடியுமா என்பதே என் சந்தேகம். அந்தப் பயிற்சியாளர் 2023இல் திரும்பி வந்து ஒரே ஒரு ஆட்டத்தில் நின்றுவிட்டு வேலையை விட்டுவிட்டார்.

சித்தப்பாவின் நோட்டுக்கு நெருங்கிய வழக்கு ஒன்று உண்டு, அதில் நீதிமன்றம் நழுவிவிட்டது. கொடி உறுதிமொழியில் 'கடவுளின் கீழ்' என்பது என் மகளின் பள்ளியில் கூடாது என்று கலிஃபோர்னியாவில் ஒரு நாத்திகத் தகப்பன் வழக்குப் போட்டார். 2002இல் கீழ்நிலை மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் சொல்வது சரி என்றது. அன்றே செனட்டில் 99க்குப் பூஜ்யம் என்று கண்டனத் தீர்மானம். உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது 2004இல் கிடைத்த பதில்: மகள் விஷயத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் தாயிடம் இருக்கிறது, ஆகவே வழக்குப் போட உங்களுக்குத் தகுதியில்லை. கேள்வி அப்படியே கிடக்கிறது. 1943இலிருந்தே எந்தப் பிள்ளையையும் அந்த உறுதிமொழியைச் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்பது மட்டும் உறுதி. அதை வாங்கித் தந்தவர்கள் யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். மறுபடியும் பக்தர்கள்தான்.

சட்டம் இப்படி. சமூகம்? அரசு கைவிட்ட மதம் வாட வேண்டும் என்று ஐரோப்பாவில் நினைத்தார்கள். நடந்தது தலைகீழ். இங்கிலாந்தில் மன்னரே திருச்சபைக்குத் தலைவர், 26 பிஷப்புகள் மேலவையில் உட்கார்ந்திருக்கிறார்கள், தேவாலய இருக்கைகள் காலி. அமெரிக்காவில் நிறைந்தன. 1831இல் சுற்றிப்பார்க்க வந்த பிரெஞ்சுக்காரர் அலெக்சிஸ் தொக்வில் வியந்துபோய்க் கேட்டபோது, அங்குள்ள பாதிரிமாரே சொன்ன காரணம்: அரசும் மதமும் பிரிந்திருப்பதால்தான். சம்பளம் அரசிடமிருந்து வராது என்றால் போதகர் குதிரையேறி ஊர் ஊராகப் போய் ஆள் சேர்க்க வேண்டும். மெத்தடிஸ்ட் என்ற சபையினர் அப்படித்தான் வளர்ந்தார்கள். கடை போட்டவன் வாடிக்கையாளரைத் தேடத்தானே வேண்டும்.

நல்ல விளக்கம். ஆனால் இப்போது அதுவும் ஆடுகிறது. பியூ ஆய்வு மையத்தின் கணக்கில் 2007இல் அமெரிக்கர்களில் 78 விழுக்காடு கிறிஸ்தவர்கள், 2023-24இல் 62. எந்த மதத்திலும் சேராதவர்கள் 16இலிருந்து 29 ஆனார்கள். சுவர் அதேதான், கடைகளும் அதேதான், வாடிக்கையாளர் மட்டும் போய்க்கொண்டிருக்கிறார். மதம் ஒரு கட்சியின் கொடியாக மாறியதால் மற்றக் கட்சிக்காரர்கள் வெளியேறினார்கள் என்று சில சமூகவியலாளர்கள் சொல்கிறார்கள். முழுக் காரணம் அதுவா என்று தெரியாது, ஒரு பங்கு இருக்கத்தான் வேண்டும். இந்த எண்களெல்லாம் தனியார் ஆய்விலிருந்து வருகிறவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நீ என்ன மதம் என்ற கேள்வியே கிடையாது. அதற்குப் பதில் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1976இலிருந்து சட்டம்.

கட்சி என்றதும் ஒரு தவறான கணக்கு உடனே தலைகாட்டும்: பக்தி உள்ளவர் குடியரசுக் கட்சி, இல்லாதவர் ஜனநாயகக் கட்சி. எவாஞ்சலிக்கல் என்னும், பைபிளே எல்லாம் என்று தீவிரமாக நம்பும் வெள்ளைக் கிறிஸ்தவர்களில் எண்பது விழுக்காடு அளவுக்கு டிரம்ப்புக்கு வாக்களித்தார்கள், மூன்று தேர்தலிலும். அதே பைபிள், அதே இயேசு, அதைவிட நீண்ட ஞாயிறு ஆராதனை என்று வாழும் கறுப்பினச் சபைகளின் மக்கள் பெரும்பாலும் மறுபக்கம். இது பக்தியின் அளவில் வந்த வேறுபாடு அல்ல, அடிமை முறையில் தொடங்கியது. அடிமை வைத்திருப்பவரை மிஷனரியாக அனுப்பலாமா என்ற சண்டையில் பிரிந்து 1845இல் உண்டானது தெற்கத்திப் பாப்டிஸ்ட் சங்கம். அதற்காக அது மன்னிப்புக் கேட்டது 1995இல். நடுவில் மார்ட்டின் லூதர் கிங் என்ற பாப்டிஸ்ட் போதகர், ஞாயிறு காலை பதினொரு மணிதான் அமெரிக்காவில் மிகவும் பிரிந்து கிடக்கும் நேரம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளை எவாஞ்சலிக்கல்கள் எப்போது ஒரே கட்சியின் வாக்கு வங்கியானார்கள்? கருக்கலைப்பை 1973இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்ததும் கொதித்தெழுந்தார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. ஆனால் 1971இல் தெற்கத்திப் பாப்டிஸ்ட் சங்கமே, பலாத்காரம், தாயின் உடல்நலம், மனநலம் போன்ற காரணங்களுக்குக் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டத்துக்கு உழைப்போம் என்று தீர்மானம் போட்டிருக்கிறது. 1970களில் கறுப்பின மாணவரை ஒதுக்கிய கிறிஸ்தவக் கல்விக்கூடங்களின் வரிச்சலுகையை அரசு பிடுங்கியதுதான் அவர்களை உண்மையில் எழுப்பியது என்று வரலாற்றாசிரியர்களில் ஒரு சாரார் வாதிடுகிறார்கள். இன்னொரு சாரார் மறுக்கிறார்கள். ஜெர்ரி ஃபால்வெல் என்ற எவாஞ்சலிக்கல் போதகர் 'ஒழுக்கப் பெரும்பான்மை' என்ற அமைப்பைத் தொடங்கியது 1979இல், அதாவது கருக்கலைப்புத் தீர்ப்புக்கு ஆறு ஆண்டு கழித்து. அந்த ஆறு ஆண்டு எனக்கு இடிக்கிறது.

மதத்தைத் தகுதியாகக் கேட்கக் கூடாது என்ற ஆறாம் பிரிவின் கதியையும் சொல்லிவிட வேண்டும். டெக்சஸ் அரசமைப்பில் இன்றும் ஒரு வரி இருக்கிறது: மதக் கருத்துக்காக யாரையும் பதவியிலிருந்து விலக்கக் கூடாது, பரம்பொருள் ஒன்று உண்டு என்று ஒப்புக்கொண்டால். 1961இல் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு அது செத்த எழுத்து, ஆனால் அழிக்கவில்லை. வாக்காளர் மனதில் அது சாகவும் இல்லை. 1960இல் கென்னடி ஹூஸ்டனில் போதகர்கள் கூட்டத்துக்கு நடுவில் நின்று, நான் கத்தோலிக்க வேட்பாளர் அல்ல, ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர், கத்தோலிக்கனாகவும் இருக்கிறேன், அவ்வளவுதான் என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. இன்று கத்தோலிக்கராக இருப்பது பேச்சே இல்லை. ஆனால் மக்களில் 29 விழுக்காடு மதம் இல்லாதவர்கள். நாடாளுமன்றத்தில் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்கிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். கடவுளை நம்பாத ஒருவர் ஜனாதிபதியாக முடியுமா? சட்டம் முடியும் என்கிறது. எந்தக் கட்சியும் சோதித்துப் பார்க்கத் துணியவில்லை.

சித்தப்பாவின் கடைசிக் கேள்வி எளிது. "சரி, நம்மாளுங்க அங்க கோயில் கட்ட எவன்கிட்ட அனுமதி கேட்டாங்க?"

கட்டட அனுமதிக்கு நகராட்சியிடம். கும்பிடுவதற்கு யாரிடமும் கேட்கவில்லை. நியூயார்க்கில் ஃபிளஷிங் என்ற பகுதியில் இருக்கும் மகா வல்லப கணபதி கோயிலுக்கு 1977 ஜூலை 4 அன்று கும்பாபிஷேகம் நடந்தது, அமெரிக்கச் சுதந்திர தினத்தில். அதை முன்னின்று கட்டியவர்களில் ஐ.நா.வில் வேலை பார்த்த அழகப்பா அழகப்பன் முக்கியமானவர். கோயில் இருக்கும் தெருவின் பெயர் பௌன் தெரு. ஜான் பௌன் ஒரு குடியானவர். அந்தப் பகுதி டச்சுக்காரர் கையில் இருந்தபோது, தடைசெய்த குவேக்கர் கூட்டத்தைத் தன் வீட்டில் நடத்தவிட்டதற்காக 1662இல் ஆளுநர் ஸ்டைவசன்ட் அவரைக் கைது செய்து நாடுகடத்தினார். பௌன் ஆம்ஸ்டர்டாம்வரை போய் முறையிட்டார். யாருடைய மனசாட்சியிலும் கை வைக்காதே என்று அந்தப் பகுதியை ஆண்ட டச்சு மேற்கிந்தியக் கம்பெனியிலிருந்து ஆளுநருக்கு 1663இல் உத்தரவு வந்தது. அதற்கு முன்பே, 1657இல், ஃபிளஷிங் ஊர்க்காரர்கள் சுமார் முப்பது பேர் ஆளுநருக்கு எழுதிய மறுப்பு மனுவில் யூதருக்கும் துருக்கியருக்கும்கூட இந்த உரிமை உண்டு என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் ஏறத்தாழ யாருமே குவேக்கர் இல்லை.

பௌனின் மரவீடு இன்னும் அந்தத் தெருவில் நிற்கிறது. அங்கிருந்து கொஞ்சதூரம் நடந்தால் கோயில். கீழ்த்தளத்து கேண்டீனில் தோசை கிடைக்கும். காசாளர் மீதி கொடுக்கும் ஒரு டாலர் நோட்டில் அதே வாசகம் இருக்கும்.